பற்றாசுக்கோல்: தெரிவும் பராமரிப்பும்

வெங்காயப் பயிருக்கு மருந்தடிக்க வேண்டிய ஒரு காலைப்பொழுது. முதுகிற் சுமக்கும் பற்றரித் தெளிகருவியுடன் ஒரு விவசாயி எமது நிலையத்துக்கு வந்தார். 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்த தோட்டத்தையும் கிணற்றையும் விட்டு வெளியேறிய குடும்பம் அவருடையது. இப்போது வேறொருவருடைய காணியைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கின்றார். "பம்பு போச்சுது ஃபாதர். புதுசு போட வேணுமெண்டு கடையிலை சொல்லுறாங்கள்" என்றார். புதுப் பம்பின் விலை அவருக்குப் பல நாட் கூலி.

அடித்தட்டின் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தோம். பம்பில் ஒரு பழுதும் இல்லை. சுவிச்சின் காலிற் பற்றவைத்திருந்த கம்பி, மருந்துத் தண்ணீர் பட்டுப் பச்சை பூத்துக் கழன்று நின்றது. இரண்டு நிமிட வேலை. ஆனால் எமது பற்றாசுக்கோலைச் சூடாக்கியபோது அதன் நுனி கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது. பற்றாசை வைத்தால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிற்று. சுரண்டினோம், துடைத்தோம், இறுதியில் இன்னொரு கோலை இரவல் வாங்க ஆளை அனுப்பினோம். வேலை முடிந்தபோது வெயில் ஏறிக் காற்றும் எழுந்துவிட்டது. அன்று மருந்தடிக்க இயலவில்லை. அவர் எம்மை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாம்தான் எம்மை நொந்துகொண்டோம்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிலும், மீளக்குடியேறிய குடும்பங்களிலும் இன்று பற்றாசுக்கோல் வாங்கி வைத்திருக்கும் இளைஞர்கள் பலர் உள்ளனர். பொழுதுபோக்காக றேடியோ, சிறிய ஒலிபெருக்கி, சூரிய ஒளி விளக்கு என்று செய்து பழகுகின்றார்கள். இது வரவேற்கத்தக்கது. ஆனால் அக்கோல்களிற் பெரும்பாலானவை சில மாதங்களிலேயே எமது கோல் கிடந்த நிலைக்கு வந்துவிடுகின்றன. கோல் கெட்டதென்று எறிந்துவிட்டுப் புதிது வாங்குகின்றார்கள். உண்மையில் கோல் கெடுவதில்லை, நுனியே கெடுகின்றது. நுனியைக் காக்கத் தெரிந்தவருக்கு விலை குறைந்த கோலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதனைத் தெரிந்து வாங்குவது எப்படி, பேணுவது எப்படி என்பதை இங்கு பார்ப்போம்.

சைக்கிள் டைனமோ நாட்கள்

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அக்காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் அநேகம். நாமும் சிறுவராக இருந்து முறைவைத்துச் சுற்றியிருக்கின்றோம். டைனமோவின் கம்பியை றேடியோவுடன் ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரிந்தவரை ஊரே தேடிப் போயிற்று.

மின்சாரமே இல்லாத ஊரில் அவர் எப்படிப் பற்றவைத்தார்? கம்பிப் பிடியின் முனையில் ஒரு செப்புக் கட்டி. அதைச் சிரட்டைக் கரியில் காய்ச்சி எடுத்தார். வாளியும் புனலும் ஒட்டும் தகரவேலைக்காரர் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட கருவியே அது. இன்றைய மின் பற்றாசுக்கோலிலும் நடப்பது அதுவே: ஒரு செப்புக் கட்டியைச் சூடாக்கி, அந்தச் சூட்டை வேலைக்குக் கொண்டு செல்லல். கரிக்குப் பதிலாக உள்ளே ஒரு நிக்குரோம் கம்பிச் சுருள் இருக்கின்றது. அவ்வளவே.

பற்றாசு எப்படிப் பிடிக்கின்றது?

பற்றாசைப் பசை என்று பலர் எண்ணுகின்றார்கள். அது பசையன்று. உருகிய பற்றாசில் உள்ள வெள்ளீயம் செப்பின் மேற்பரப்புடன் சேர்ந்து மிக மெல்லிய கலப்புலோகப் படையொன்றை உண்டாக்குகின்றது. அந்தப் படை உண்டானாலே இணைப்பு நிற்கும். செப்பின் மேல் அழுக்கோ, ஒட்சைட்டோ, எண்ணெயோ இருந்தால் அது உண்டாகாது.

கடைகளிற் கிடைக்கும் சாதாரண பற்றாசில் 60 வீதம் வெள்ளீயமும் 40 வீதம் ஈயமும் உண்டு. 63/37 என்று குறிக்கப்பட்டது இன்னும் சிறந்தது. அது 183 பாகை செல்சியஸில் ஒரேயடியாக உருகி, ஒரேயடியாக இறுகும். 60/40 பற்றாசு 183 பாகையில் இளகத் தொடங்கி, இன்னும் சில பாகைகள் ஏறிய பின்னரே முழுவதும் உருகும். இறுகும்போது இடையிலே கூழ்போல ஒரு நிலை உண்டு. அந்நேரம் கம்பியை அசைத்தால் இணைப்பு உடைந்துவிடும். ஈயமில்லாத பற்றாசும் கிடைக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 யூலை முதல் மின் இலத்திரனியற் பொருட்களில் ஈயத்தின் பாவனையைக் கட்டுப்படுத்தியதன் பின் அது பெருகியது. வெள்ளீயமும் சிறிதளவு செப்பும் கலந்த 99.3/0.7 வகை 227 பாகையில் உருகும். எனவே அதற்குக் கோலின் சூடும் கூடுதலாக வேண்டும். நுனியும் விரைவாகத் தேயும்.

இலத்திரனியல் வேலைக்கான பற்றாசுக் கம்பியின் நடுவில், பைன் மரத்திலிருந்து பெறப்படும் றோசின் என்னும் பிசின் வைக்கப்பட்டிருக்கும். சூடேறும்போது அது ஒட்சைட்டைக் கரைத்து உலோகத்தைத் துப்புரவாக்கும். தகரவேலைக்குப் பாவிக்கும் நவச்சாரத்தையோ நாகக் குளோரைட்டுத் திரவத்தையோ றேடியோவுக்கும் சுற்றுப்பலகைக்கும் ஒருபோதும் பாவிக்க வேண்டாம். இன்று நன்றாகப் பிடிக்கும். ஆனால் எஞ்சி நிற்கும் உப்பு நாளடைவில் செப்பைத் தின்றுவிடும்.

எப்படிப்பட்ட கோலை வாங்குவது?

முதலாவது, வாற்று அளவு. சுற்றுப்பலகை, றேடியோ, எல்.ஈ.டி. விளக்கு ஆகியவற்றுக்கு 25 முதல் 40 வாற்று போதும். பற்றரிக் கம்பி, தெளிகருவியின் சுவிச், மோட்டார்ச் சைக்கிள் கம்பி போன்ற தடித்த வேலைகளுக்கு 60 வாற்று வேண்டும். வீட்டில் ஒரு கோல் மட்டுமே வைத்திருக்க முடியுமென்றால் 40 வாற்றைத் தெரிவு செய்யுங்கள். சிறிய கோலால் தடித்த கம்பியைப் பற்றவைக்க முயல்வது, நெருப்புக்குச்சியால் உலை வைப்பது போன்றது. சூடு கம்பிவழியே ஓடிவிடும், பற்றாசு உருகாது, பொறுமையிழந்து நாம் நுனியை அழுத்திச் சிதைத்துவிடுவோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின் இணைப்பின் கடைசியில் இருக்கும் கிராமங்களில் மாலைவேளைகளில் மின்னழுத்தம் குறைவதுண்டு. 230 வோல்ற்று 180 வோல்ற்றுக்கு இறங்கினால், கோலின் வலு ஐந்திலொரு பங்கு குறைவதாக நினைப்போம். அப்படியன்று, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். 25 வாற்றுக் கோல் 15 வாற்றுக் கோலாகின்றது. "பின்னேரத்திலை அயன் சூடாகுதில்லை" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. 40 வாற்று வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, நுனியின் வடிவம். ஊசிபோன்ற நுனியே நுணுக்க வேலைக்கு நல்லதென்று இளைஞர்கள் அதனை விரும்பி வாங்குகின்றார்கள். ஊசி முனையில் சூட்டைக் கொடுக்கும் பரப்பு மிகக் குறைவு. 2 அல்லது 3 மில்லிமீற்றர் அகலமுள்ள உளி வடிவ நுனியே எல்லா வேலைக்கும் உகந்தது. அதன் தட்டையான முகம் தடித்த கம்பிக்கும், மூலை சிறிய காலுக்கும் உதவும்.

மூன்றாவது, மாற்று நுனி. கோலை வாங்குமுன் அதே கடையில் அதற்குரிய நுனி தனியாக விற்கப்படுகின்றதா என்று கேளுங்கள். நுனி கிடைக்காத கோல், கொழு கிடைக்காத கலப்பை.

நான்காவது, புவித்தொடுப்பு. நாம் 'ஏர்த்' கம்பி என்று சொல்வது. மூன்று முள் செருகியும், உள்ளே மூன்று கம்பியும் உள்ள கோலே பாதுகாப்பானது. உள்ளே காவலி வெடித்தாலும் மின் உங்கள் உடலுக்குள் பாயாது. பல்மானி இருந்தால், செருகியைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு, ஏர்த் முள்ளுக்கும் கோலின் நுனிக்கும் இடையில் அளந்து பாருங்கள். தடை ஏறத்தாழப் பூச்சியமாக இருக்க வேண்டும். மற்ற இரு முட்களுக்கும் நுனிக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது.

ஐந்தாவது, சூட்டைக் கட்டுப்படுத்தும் வசதி. விலை சற்றுக் கூடினாலும் சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கோல் கிடைத்தால் வாங்குவது நன்று. ஈயப் பற்றாசுக்கு 320 முதல் 350 பாகை வரை வைத்தால் போதும். கட்டுப்பாடில்லாத கோல் சும்மா கிடக்கும்போது 400 பாகையையும் தாண்டிவிடலாம். அந்தச் சூட்டிலேயே நுனி கருகுகின்றது.

மின் இணைப்பு இல்லாதவர்களுக்கு

தற்காலிகக் கொட்டில்களில் வாழ்பவர்களுக்கும், மின்கம்பம் வராத காணிகளில் குடியேறியவர்களுக்கும் 12 வோல்ற்றில் வேலை செய்யும் கோல்கள் உண்டு. இவற்றை வாங்கும்போது 12 வோல்ற்றுக்கென்றே செய்யப்பட்டதா என்று பாருங்கள். 12 முதல் 24 வோல்ற்று வரை என்று எழுதியிருந்தால், 12 வோல்ற்றில் அதன் முழு வலு கிடைக்காது. 24 வோல்ற்றில் 40 வாற்று தரும் சாதாரண சுருள், 12 வோல்ற்றில் 10 வாற்றே தரும்.

12 வோல்ற்றில் 30 வாற்றுக் கோல் 2.5 அம்பியர் மின்னை எடுக்கும். பற்றரித் தெளிகருவியில் உள்ள பற்றரி பெரும்பாலும் 12 வோல்ற்று, 8 அம்பியர் மணி அளவுடையது. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். பாதி அளவை மட்டும் பாவித்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கோலைச் சூடாக வைத்திருக்கலாம். அதற்குள் பத்து இருபது இணைப்புகளை முடித்துவிடலாம். எனவே எல்லாவற்றையும் முதலிலேயே சுரண்டி, முறுக்கி, ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டுக் கடைசியிற் கோலைச் சூடாக்குங்கள். மின்சாரம் உள்ளவர்களுக்கும் இது நல்ல பழக்கம்.

அரம் செய்த கேடு

எமது நிலையத்தின் கோல் ஏன் அப்படிக் கறுத்துக் கிடந்தது என்று இப்போது சொல்ல வேண்டும். அது எமது தவறு.

நாம் பற்றவைக்கக் கற்றது வெறும் செப்பு நுனி உள்ள பழைய கோலில். செப்பு நுனி பாவிக்கப் பாவிக்கப் பற்றாசிலே கரைந்து குழி விழும். அப்போது அரத்தால் அராவிச் சீராக்கி, உடனே பற்றாசு பூசுவோம். இதையே வகுப்பில் இளைஞர்களுக்கும் சொல்லிக் கொடுத்தோம். "கறுத்தால் அராவுங்கள்" என்றோம். அவர்களும் பணிவோடு அராவினார்கள். இரண்டு மூன்று வாரங்களில் வகுப்பிலிருந்த கோல்களின் நுனிகள் பொத்தலாகிப் போயின. புதுக் கோல்கள், நன்கொடைப் பணத்தில் வாங்கியவை. கோல்கள் மட்டமானவை என்று கடைக்காரரையே முதலிற் குறைகூறினோம்.

இன்றைய நுனிகள் வெறும் செப்பல்ல. உள்ளே செப்பு இருக்கும். அதன் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு. பற்றாசு ஏறக்கூடாத பின்பகுதியில் குரோமியப் பூச்சு. இரும்பு பற்றாசில் மிக மெதுவாகவே கரையும். எனவே அந்தப் பூச்சுத்தான் நுனியின் ஆயுள். அரம், அரத்தாள், கத்தி ஆகிய எதனால் உரசினாலும் பூச்சு போய்விடும். உள்ளே இருக்கும் செப்பைப் பற்றாசு தின்னத் தொடங்கும். கறையான் புகுந்த மரம் போல வெளியே தோலிருக்க உள்ளே குடைந்துவிடும்.

உங்கள் கோல் எந்த வகை என்று அறிய ஒரு சிறு காந்தம் போதும். பழுதான ஒலிபெருக்கியிலுள்ள காந்தமும் உதவும். கோல் ஆறியிருக்கும்போது நுனியருகே பிடியுங்கள். இழுத்தால் மேலே பூச்சு உண்டு, அராவலாகாது. இழுக்காவிட்டால் வெறும் செப்பு, அதை அராவலாம். இந்தச் சிறிய சோதனையை நாம் முதல் நாளே செய்திருந்தால் அத்தனை கோல்களும் தப்பியிருக்கும்.

அன்றாடப் பராமரிப்பு

1. புதுக் கோலை முதன்முதலிற் சூடாக்கும்போது அருகிலேயே நில்லுங்கள். பற்றாசு உருகும் சூடு வந்தவுடன் நுனி முழுவதும் பற்றாசைப் பூசுங்கள். பூசாமல் காயவிட்டால் முதல் நாளே கறுத்துவிடும்.

2. வேலையின் இடையிலே நுனியைத் துடைக்க ஈரமான பருத்தித் துணியைப் பாவியுங்கள். பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து, நனைத்துப் பிழிந்து, ஒரு தகரப்பேணி மூடியில் வைத்தாற் போதும். நைலோன் துணி உருகி ஒட்டும். துணியில் நீர் சொட்டக்கூடாது. பித்தளைக் கம்பிச் சுருள் கிடைத்தால் அது இன்னும் நல்லது. நுனியின் சூட்டைக் குறைக்காது.

3. துடைத்த நுனியை வெறுமையாக விடாதீர்கள். இணைப்புக்கு முன் துடையுங்கள். தாங்கியில் வைக்குமுன் சிறிது பற்றாசு பூசுங்கள். பற்றாசுப் பூச்சு இருக்கும்வரை ஒட்சிசன் இரும்பைத் தொடாது.

4. பத்து நிமிடத்துக்கு மேல் வேலை இல்லையென்றால் செருகியைக் கழற்றிவிடுங்கள். தேநீர் குடிக்கப் போன நேரத்திலேயே நுனிகள் அதிகம் கெடுகின்றன.

5. வேலை முடிந்து அணைக்கும்போது நுனியில் தாராளமாகப் பற்றாசு உருக்கி, துடைக்காமல் ஆறவிடுங்கள். அடுத்த முறை சூடாக்கியவுடன் துடைத்தால் உள்ளே வெள்ளி போன்ற முகம் தெரியும்.

6. சூடான கோலைத் தண்ணீரில் தோய்க்காதீர்கள். உள்ளே இருக்கும் பீங்கான் வெடிக்கும். பற்றாசை உதற மேசையில் தட்டவும் வேண்டாம், சுருள் அறுந்துவிடும்.

7. மாதத்துக்கு ஒருமுறை, ஆறிய கோலின் நுனியைப் பிடித்திருக்கும் திருகாணியைத் தளர்த்தி, நுனியை வெளியே எடுத்து, உள்ளே படிந்த தூளைத் தட்டிவிட்டு மீண்டும் பூட்டுங்கள். இப்படிச் செய்யாத நுனி குழலுடன் இறுகி, மாற்ற முடியாமற் போகும்.

கறுத்த நுனியை மீட்டல்

கறுத்துவிட்ட நுனியை உடனே எறிய வேண்டாம். பூச்சு பொத்தலாகவில்லையென்றால் பெரும்பாலும் மீட்கலாம். பற்றாசு உருகும் அளவுக்கு மட்டும் கோலைச் சூடாக்குங்கள். றோசின் உள்ள பற்றாசுக் கம்பியை நுனியிலே தாராளமாக உருக்குங்கள். ஈரத் துணியில் அல்லது பித்தளைச் சுருளிலே துடையுங்கள். திரும்பவும் உருக்குங்கள், திரும்பவும் துடையுங்கள். பத்துப் பதினைந்து முறை செய்தால் ஓரத்திலே ஒரு சிறு வெள்ளிப் புள்ளி தோன்றும். அந்தப் புள்ளி மெதுவாகப் பரவும். பொறுமையே மருந்து. சூட்டைக் கூட்டினால் கறுப்பும் கூடும்.

கோல் சற்றும் சூடாகவில்லையென்றால் முதலில் செருகியையும் பிடியருகே வளையும் கம்பியையும் பாருங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான். பின்பு செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு அதன் இரு மின் முட்களுக்கும் இடையில் பல்மானியால் தடையை அளவுங்கள். 230 வோல்ற்று நிக்குரோம் சுருளுள்ள கோலாயின் 25 வாற்றுக்கு ஏறத்தாழ 2100 ஓம், 40 வாற்றுக்கு 1300 ஓம், 60 வாற்றுக்கு 880 ஓம் காட்ட வேண்டும். பீங்கானுக்குள் சுருள் பதித்த வகைகள் குளிர்ந்த நிலையில் இதைவிடக் குறைவாகக் காட்டலாம். எதுவுமே காட்டாவிட்டால் கம்பியோ சுருளோ அறுந்துள்ளது.

பற்றவைக்கும் முறை

தெளிகருவியோ றேடியோவோ எதுவாயினும், முதலிற் பற்றரியைக் கழற்றுங்கள். செப்பைப் பளபளப்பாகச் சுரண்டுங்கள். இங்கே கத்தியும் அரத்தாளும் பாவிக்கலாம். சுரண்டுவது கம்பியை, நுனியையன்று. கம்பியைக் காலிலே சுற்றி இறுக்குங்கள். நுனியின் தட்டையான முகத்தைக் கம்பியும் காலும் சேருமிடத்தில் வைத்து இரண்டையும் ஒன்றாகச் சூடாக்குங்கள். பற்றாசுக் கம்பியைக் கோலில் அல்ல, சூடான செப்பிலே தொடுங்கள். அது உருகி ஓடிப் பரவும். முதலிற் பற்றாசை எடுங்கள். பிறகு கோலை எடுங்கள். சிறிய இணைப்புக்கு இரண்டு மூன்று விநாடிகள் போதும். இறுகும்வரை அசைக்காதீர்கள்.

நல்ல இணைப்பு செப்பைத் தழுவி, ஓரம் மெலிந்து, கம்பியின் உருவம் வெளியே தெரிய நிற்கும். உருண்டை மணிபோல மேலே குந்தியிருந்தால் அது பிடிக்கவில்லை. ஈயப் பற்றாசு பளபளக்கும். ஈயமில்லாதது இயல்பாகவே சற்று மங்கலாகத் தோன்றும்.

வீட்டையும் பிள்ளைகளையும் காத்தல்

எமது மக்களிற் பலர் இன்னும் கிடுகுக் கூரைக்கும் தறப்பாளுக்கும் கீழே வாழ்கின்றார்கள். 350 பாகையில் உள்ள கோல் பாயில் விழுந்தால் என்ன நடக்குமென்று சொல்லத் தேவையில்லை. கோலுக்குத் தாங்கி இல்லாவிட்டால், ஒரு தகரப்பேணியில் பாதிக்கு மணல் நிரப்பி, தடித்த கம்பியைச் சுருளாக வளைத்து அதில் ஊன்றிச் செய்துகொள்ளுங்கள். கீழே ஓட்டுத் துண்டு அல்லது செங்கல் வையுங்கள். சூடான கோலின் கம்பி நடைபாதையிற் குறுக்கே கிடக்கக்கூடாது.

மின்னேற்றிக்கொண்டிருக்கும் ஈயப் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளிவரும். அதன் அருகிலே பற்றவைக்க வேண்டாம். லிதியம் பற்றரியின் மேல் நேரடியாகப் பற்றாசுக்கோலை வைப்பது மிகவும் ஆபத்தானது, தீப்பற்றும்.

எம்மை மிகவும் கவலைப்படுத்துவது ஈயம். ஒருமுறை வகுப்புக்கு வந்த இளம் தாயொருவர் பற்றாசுக் கம்பியைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி இரு கைகளாலும் வேலை செய்தார். மடியிலே குழந்தை. அவர் மிகத் திறமைசாலி. இதில் ஆபத்து இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நாமும் சொல்லத் தவறியிருந்தோம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கருவில் உள்ள பிள்ளைக்கும் போய்ச் சேரும். பற்றவைக்கும் சூட்டில் ஈயம் ஆவியாகி மூச்சோடு போவது மிகக் குறைவு. கையிலிருந்து வாய்க்குப் போவதே பெரும் ஆபத்து. எனவே பற்றாசை வாயில் வைக்காதீர்கள். சமைக்கும் இடத்தில், சோற்றுக் கோப்பையில் வேலை செய்யாதீர்கள். முடிந்தவுடன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். உதிர்ந்த பற்றாசு மணிகளைக் கூட்டி மூடியுள்ள பேணியிற் போடுங்கள். துடைத்த துணியை வேறெதற்கும் எடுக்காதீர்கள். கர்ப்பிணித் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் அருகில் இருக்க வேண்டாம்.

புகை றோசினிலிருந்து வருவது. அது தொய்வு நோயை உண்டாக்கவும் கூட்டவும் வல்லது. காற்றோட்டமான இடத்தில், புகை முகத்தில் அடிக்காதபடி இருந்து வேலை செய்யுங்கள்.

பத்து வீட்டுக்கு ஒரு கோல்

வீட்டுக்கு வீடு மலிவான கோல் வாங்குவதைவிடப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து நல்லதொரு கோலையும், இரண்டு மாற்று நுனிகளையும், ஒரு பல்மானியையும் வாங்குவது சிறந்தது என்பது எமது அனுபவம். கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். கோலை எடுப்பவர் பற்றாசு பூசிய நுனியுடன் பெற்று, பற்றாசு பூசிய நுனியுடன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே விதி போதும். மண்வெட்டியை இரவல் வாங்கினால் மண்ணைக் கழுவிக் கொடுப்பது எமது தோட்டக்காரரின் வழக்கம். இதுவும் அதே மரியாதைதான்.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நீங்கள் அறிவீர்கள். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. ஐந்து பேரிடம் அந்த வேளைக்கு எண்ணெய் இருக்கவில்லை. எமது நிலையத்திலும் அன்று கோல் இருந்தது. அந்த வேளைக்கு அது ஆயத்தமாக இருக்கவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர் நாமல்ல, ஒரு நாள் மருந்தடிப்பை இழந்த அந்த விவசாயி.

அவர் பின்பும் ஒருமுறை வந்தார், தம் மகனுடன். மகனுக்குப் பழக்கிவிடச் சொன்னார். முதல் நாள் அவனுக்கு நாம் எதையும் பற்றவைக்கக் கொடுக்கவில்லை. கோலைச் சூடாக்கி, துடைத்து, பற்றாசு பூசி, அணைத்து வைக்க மட்டும் கற்றுக் கொடுத்தோம். இப்போது எமது நிலையத்தின் கோல்களுக்கு அவனே பொறுப்பு. அவற்றின் நுனிகள் கறுப்பதில்லை.